வரவேற்பறை மீன்களுக்கு இரண்டு கை உப்பு

நஞ்சம்மாவுக்கு மீன் என்றாலே ஆகாது. குழம்பில் கிடந்தாலும் ஆகாது, தண்ணீரில் நீந்தினாலும் ஆகாது. அஞ்செட்டி மலைக்காட்டு ஓரத்தில் பிறந்தவள், மாட்டோடு மாடாக வளர்ந்தவள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்த பிறகும் மீன்கடை இருக்கிற தெருவில் போகவேண்டி வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவைச் சுற்றிப் போவாள். அப்படிப்பட்டவளை ஒரு மீன்தொட்டிக்குப் பக்கத்தில் தினம் எட்டு மணிநேரம் நிறுத்தி வைத்தது விதி. விதி என்றால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்; காண்ட்ராக்டர் என்பாள்.

சிப்காட்டில் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி அது. பதினோரு வருஷமாக அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை. கூட்டுவது, துடைப்பது, கழிவறை கழுவுவது எல்லாம் அதே பழைய வேலைதான், பெயர் மட்டும் இங்கிலீஷ். இந்தப் பதினோரு வருஷத்தில் நாலு காண்ட்ராக்டர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருத்தர் மாறும்போதும் புது அட்டை, புதுப் போட்டோ, புதிதாகச் சேர்ந்த தேதி. கம்பெனி வாசலில் நிற்கிற வேப்பமரத்துக்குக் குழி தோண்டி நட்டவளே அவள்தான். ஆனால் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தால் அவள் வேலைக்கு வந்து ஒரு வருஷம் நாலு மாசம்தான் ஆகியிருந்தது. "மரம் என்னைய விட சீனியருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பாதி வயிற்றெரிச்சல்.

வரவேற்பறைத் தொட்டி ஆள் படுக்கிற நீளம் இருக்கும். யாரோ ஒரு பெரிய அதிகாரி ஆசைப்பட்டு ஒன்பது மீன்களை வாங்கி வந்து விட்டிருந்தார். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்தது ஐந்து, தகடு வெட்டி விட்டாற்போல் வெள்ளியாக மின்னுவது நாலு. நல்ல தண்ணீர் மீன் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். வந்தபோது ஒரு ரூபாய் நாணயம் அளவு. ஆறேழு மாசத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டன. வளர வளர ஆரோக்கியம் கூடாமல் நோஞ்சானாகிக்கொண்டே போனதுதான் யாருக்கும் புரியாத சங்கதியாக இருந்தது. பொங்கல் சமயத்தில் இரண்டு செத்து மிதந்தன.

உடனே ஆள் தேடினார்கள். தொட்டியைப் பராமரிக்கிற கோபி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். முப்பது வயதுக்காரன், பத்துப் பன்னிரண்டு அலுவலகங்களில் தங்கமீன் தொட்டிகள் பார்க்கிறவன். அவன் நீல மருந்தை ஊற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பழி கடைசியில் வந்து நின்ற இடம் பினாயில். துடைக்கிற பினாயில் வாசனை தண்ணீரில் இறங்கித்தான் மீன் சாகிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்ட, ஹெச்.ஆர். பெண் சுவாதி நஞ்சம்மாவைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னாள்: "இனிமே இங்க வெறும் தண்ணியிலயே துடைங்க. தொட்டிப் பக்கம் கையே போகக்கூடாது. இன்னொண்ணு செத்தா எனக்கும் மேல பதில் சொல்ல முடியாது." சுவாதி காவேரிப்பட்டினத்துக்காரி. கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள்.

அன்றைக்குத்தான் நஞ்சம்மா முதல்முறையாகத் தொட்டிக்குள் கவனித்துப் பார்த்தாள். ஒரு புள்ளி மீன் மூலையில் தலையைக் கொடுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நிறம் கறுத்து நின்றிருந்தது. தீனி போட்டும் திரும்பவில்லை. இந்த நிலையை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். மாடு இப்படித்தான் நிற்கும். அசை போடாமல், கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அஞ்செட்டிப் பக்கத்தில் மாடுகளைக் காட்டுப் பட்டியில் மாசக்கணக்கில் அடைத்து மேய்ப்பார்கள். மாடு சோர்ந்தால் வைத்தியரைத் தேடுவதற்கு முன்னால் உப்புதான். தட்டைப் பாறையில் கல் உப்பைக் கொட்டி நக்க விடுவார்கள், இல்லையென்றால் குடிக்கிற தண்ணீரில் இரண்டு கை அள்ளிப் போடுவார்கள். பட்டிக்கு உப்பு மூட்டை சுமந்து போகிற வேலை சின்ன வயதில் நஞ்சம்மாவுடையது. அந்த வேலையை அவள் ஒருநாளும் விரும்பியதில்லை, கழுத்து வலிதான் மிச்சம். ஆனாலும் கை மறக்குமா? மறுநாள் காலை சாப்பாட்டுப் பையில் கல் உப்புப் பொட்டலம் ஒன்று ஏறிவிட்டது.

கேட்டில் பையைச் சோதிக்கிற சரசம்மா பிரித்துப் பார்த்தாள்.

"என்னாடி நஞ்சி, கிலோ உப்பு? எங்க சமைக்கப் போற?"

"உங்க கேன்டீன் சாம்பார வாயில வைக்க முடியுதா? அதுக்குத்தான்."

"அதுவும் நெசந்தான்" என்று சரசம்மா விட்டுவிட்டாள்.

ஆறரை மணிக்கு வரவேற்பறையில் ஈ காக்கை இருக்காது. மூடியைத் தூக்கி இரண்டு கை உப்பைப் போட்டாள். மீனுக்கு மாட்டு வைத்தியம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா? செத்தால் எப்படியும் பழி தன் தலையில்தான் விழப் போகிறது, சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதற்கு ஏதாவது செய்துவிட்டுத் திட்டு வாங்கலாம் என்ற வீம்புதான். அன்று முழுக்க ஏதாவது சாக்கு வைத்துத் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன் சாகவில்லை. மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும். மூன்று வாரத்தில் மூலையில் நின்ற மீன் வெளியே வந்தது. ஒரு மாசத்தில் ஏழும் தீனிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தன. வெள்ளி மீன்கள் கண்ணாடி நீளத்துக்கும் கும்பலாக ஓடித் திரும்பின. அவள் துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தாலே எல்லாம் அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நிற்கும். "போங்கடி அந்தாண்ட, வேலையைப் பாக்க உடுங்க" என்று அதட்டுவாள். மீன் பிடிக்காதவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அவற்றை நினைத்துக்கொண்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருமை எல்லாம் கோபியின் நீல மருந்துக்குப் போனது. அவனும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மீன் கொழுக்கிறது, தொட்டியில் வைத்த செடிகள் அழுகுகின்றன. புதுச் செடி நட்டால் அதுவும் பத்து நாளில் சளசளத்துப் போகிறது. மூடியின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, இரும்புச் சட்டம் துருப்பிடிக்கிறது. ஓசூரில் வெள்ளையாக எது படிந்தாலும் ஒரே பதில்தான் உண்டு, அதையே அவனும் சொன்னான்: "போர் தண்ணிங்க மேடம். இங்க பக்கெட்டு, குழாய் எல்லாமே இப்படித்தான்." சுரண்டி எடுத்துவிட்டுப் போவான். துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த நஞ்சம்மா வாயே திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் இருந்தது. யுகாதி கழிந்ததும் கம்பெனியில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பேக்கிங் பிரிவுக்கு ஆறு பெண்களைக் காண்ட்ராக்டர் இல்லாமல் நேரடியாகக் கம்பெனி ஆளாக எடுக்கப் போகிறார்கள். நாற்பத்தெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும், பெயரில் ஒரு புகார்கூட இருக்கக்கூடாது. நஞ்சம்மாவுக்கு நாற்பத்தேழு. வீட்டுக்காரர் கரியப்பன் லாரிக்கு மூட்டை ஏற்றி ஏற்றி இடுப்பு போய், வாரத்தில் பாதி நாள் படுக்கைதான். அவள் மனு கொடுத்தாள். நேர்காணலில் நன்றாகப் பதில் சொன்னாள். ஆவணியில் பட்டியல் வரும் என்றார்கள். இதை விட்டால் அவளுக்கு அப்புறம் என்று ஒன்று இல்லை. கையில் உப்போடு மாட்டினால் பதினோரு வருஷமும் அதோடு போச்சு. இது தெரிந்தும் தினம் காலையில் அவள் கை மூடியைத் தூக்கத்தான் செய்தது.

ஆடிக் கடைசியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாள். மழையில் பஸ் தவறி, மூன்று நாள் லீவு ஆறு நாளாகிவிட்டது. வியாழக்கிழமை காலை வந்து வரவேற்பறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தொட்டி பளபளவென்று இருந்தது. புது மூடி, புதுச் செடி, அடியில் கழுவிப் போட்ட கூழாங்கல். உள்ளே ஆறு மீன்கள்தான் இருந்தன. இரண்டு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன, மற்றவை கறுத்துப் போய் மூலையில். தொட்டிக்கு முன்னால் கோபி தலை குனிந்து நிற்க, சுவாதி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் கஸ்டமர் விசிட் கோபி. வாசல்லயே செத்த மீனை வச்சுக்கிட்டு நிக்க முடியாது. சாயங்காலம் தொட்டியைத் தூக்கிடணும்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. உங்க காண்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடிஞ்சுது. சாரி."

"எல்லாம் நல்லதுக்குத்தான் மேடம் பண்ணன்" என்றான் கோபி. "செடியெல்லாம் சாவுதுன்னு முழுசாக் கழுவிட்டு, போர் தண்ணியே வேணாம்னு ஆர்.ஓ. தண்ணி ஊத்தினன். இதைவிட சுத்தமான தண்ணி ஏது? ஆறு நாளா ஒண்ணும் வாய் வைக்கலை. எனக்கே என்னான்னு தெரியலை."

நஞ்சம்மாவுக்குத் தெரிந்தது. துடைப்பத்தைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை பட்டியல் வந்துவிடும், பேக்கிங்குக்குப் போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. சாயங்காலத்துக்குள் இந்த ஆறும் போய்விடும், கோபியின் பிழைப்பில் ஒரு இடம் போய்விடும். கரியப்பனின் முகம் ஒரு கணம் வந்து போனது. அவர் இருந்தால் வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் சொல்லியிருப்பார், அவர் மேல் தப்பும் இல்லை.

"மேடம், ஒரு நிமிசம்" என்றாள். "அந்த மீனுங்களுக்கு நான் உப்பு போட்டுக்கிட்டு இருந்தன்."

"என்ன போட்டீங்க?"

"கல் உப்பு. தெனம் ரெண்டு கை. தை மாசத்துலேர்ந்து."

சுவாதி ஃபைலைக் கீழே இறக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "தொடவே கூடாதுன்னு சொல்லியிருந்தேனே, நஞ்சம்மா. அப்ப செடி செத்தது, சட்டம் துருப்பிடிச்சது எல்லாம் உங்களாலயா?"

"ஆமாங்க மேடம். எங்கூர்ல மாட்டுக்கு அப்படித்தான் போடுவோம். போட்டதும் இதுங்களும் தேறிக்கிச்சு. அதனால போட்டுக்கிட்டே இருந்துட்டன்."

கோபி சுவரோரம் கழற்றி வைத்திருந்த பழைய மூடியிடம் போனான், ஓரத்தில் படிந்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். ஏழு மாசமாகப் போர் தண்ணி, போர் தண்ணி என்று சுரண்டித் தள்ளியது அவன் நாக்கில் கரித்தது. உடனே போனை எடுத்து பெங்களூரில் இருக்கிற மீன் மொத்த வியாபாரியைப் பிடித்தான், படத்தை அனுப்பினான், ஸ்பீக்கரில் போட்டான். பேச்சு கன்னடத்தில் நடந்தது. சுவாதிக்குக் கன்னடம் வராது. கன்னடம் புழங்குகிற அஞ்செட்டியில் வளர்ந்த நஞ்சம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

அந்த வியாபாரிக் கிழவர் கோபியை வறுத்து எடுத்துவிட்டார். அது ஆறு கடலில் சேருகிற கழிமுகத்து மீன். குஞ்சாக இருக்கும்போது நல்ல தண்ணீரில் கிடக்கும், வளர்ந்தால் உப்பு கேட்கும். காலையில் கடல் ஏறி சாயங்காலம் ஆறு இறங்குகிற இடத்தில் பிறந்தது, தண்ணீர் எப்படி மாறினாலும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். தாங்குகிறது என்பதற்காக ஒரேயடியாக உப்பில்லாமல் போட்டால் இப்படித்தான் ஆகும். அதிலும் போர் தண்ணீரையாவது ஊற்றாமல் சத்தே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரை எவன் ஊற்றச் சொன்னான்? போர் தண்ணீரும் கல் உப்பும் போதுமே, ஏழு மாசம் உயிரோடு இருந்தது என்றால் யாரோ விஷயம் தெரிந்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரைக் கேள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"என்ன சொல்றாரு?" என்று சுவாதி கேட்டாள்.

கோபி நஞ்சம்மாவைப் பார்த்தான். அவளுக்குக் கன்னடம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. உப்புதான் எமன் என்று அவர் சொன்னதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடலாம். பழி சுமக்கத் தயாராக ஒரு துடைப்பக்காரி தானாகவே வந்து நிற்கிறாள். அவள் மறுத்துப் பேசினால்தான் யார் நம்பப் போகிறார்கள்? நஞ்சம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்" என்றான் கோபி. "இது உப்புத் தண்ணியில இருக்கவேண்டிய மீனாம். எனக்குத் தெரியாது. ஏழு மாசம் இதுங்களை உயிரோட வச்சது இந்த அக்கா. ஆறு நாள்ல சாகடிக்கப் பாத்தது நான். எழுதுறதுன்னா அப்படியே எழுதிக்குங்க."

நஞ்சம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் செய்த எதையும் இவள் செய்தாள் என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. கழுவின தரையைத் தரை சுத்தமாக இருக்கிறது என்பார்கள். யார் பெற்ற பிள்ளையோ, தன் பிழைப்பைப் பணயம் வைத்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறான். "நீ நல்லா இருக்கணும் சாமி" என்றாள்.

"அழுறதுக்கு நேரமில்லைக்கா" என்றான் கோபி. "உப்பு இருக்குதா இப்ப?"

இருந்தது. சாப்பாட்டுப் பையில்தான். கேன்டீனிலிருந்து எடை மெஷினைத் தூக்கி வந்தான். "எப்பவும் போடுற மாதிரி ஒரு கை அள்ளுங்க" என்று மூன்று தடவை அள்ளச் சொல்லி நிறுத்தான். எழுபத்து நாலு கிராம், எழுபத்தாறு, எழுபத்தஞ்சு. "மெசின் தோத்துச்சு" என்று முதல்முறையாகச் சிரித்தான். தோட்டத்துக் குழாயிலிருந்து போர் தண்ணீரைப் பிடித்து உப்பைக் கரைத்து, தொட்டியில் பாதியை மாற்றினார்கள். வேறு மீனாக இருந்தால் இந்த அவசரத்துக்கே செத்திருக்கும், இதுகள் தாங்கும் என்று அவனே சொல்லிக்கொண்டான். மத்தியானம் மூன்று மணிக்குச் சாய்ந்து கிடந்ததில் ஒன்று நிமிர்ந்தது. சாயங்காலத்துக்குள் இன்னொன்று. தொட்டியைத் தூக்க வந்தவர்களைச் சுவாதியே திருப்பி அனுப்பினாள், கோபியையும் வழக்கம்போல் வரச் சொன்னாள்.

போகும்போது நஞ்சம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "நான் எழுதாம இருக்க முடியாதுங்க. தெரிஞ்சும் மறைச்சா என் வேலை போயிடும். சொன்னதைக் கேக்காம தொட்டீங்கன்னு எழுதுறேன். கோபி சொன்னதையும் ஒரு வார்த்தை விடாம எழுதுறேன். அப்புறம் அவங்க இஷ்டம்."

"அது போதுங்க மேடம்" என்றாள் நஞ்சம்மா. போதாது என்று அவளுக்குத் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கரியப்பனிடம் சொன்னபோது அவர் "உட்டுத் தள்ளு, உசுருதானே" என்றார். திட்டுவார் என்று நினைத்திருந்தவள் அன்றைக்கு அவர் இடுப்புக்கு இரண்டு மடங்கு நேரம் தைலம் தேய்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நோட்டீஸ் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஆறு பெயர். அவளுடையது ஆறாவது. அவள் ஓடிப்போய்ச் சுவாதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நன்றி சொல்லாதீங்க. உள்ளதை எழுதினேன், அவ்வளவுதான்" என்றாள் சுவாதி. ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

பேக்கிங் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம். வேலை நேரத்தில் அங்கிருந்து யாரும் முன்பக்கம் வரக்கூடாது. மீன்களை ஒரு தடவை பார்த்தால் தேவலை என்று அவளுக்கு அடித்துக்கொள்ளும். கேட்க யாரிடம் வாய் வரும்? புது ஆள். சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது.

பதினோராம் நாள் சூப்பர்வைசர் வந்து, "நஞ்சம்மா, உங்களைப் பாக்க ஆள் வந்திருக்கு, ரிசப்ஷனுக்குப் போங்க" என்றார். கரியப்பனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள். கையுறையைக் கழற்றக்கூட மறந்து ஓடினாள்.

வரவேற்பறையில் கோபி நின்றிருந்தான்.

"பயந்துட்டீங்களாக்கா? ஒண்ணுமில்லை. அந்தப் புள்ளி மீன் ஒண்ணு காலையிலேர்ந்து தனியா நிக்குது. நோவா, சும்மாவான்னு எனக்குப் பிடிபடலை. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் கண்ணாடியிடம் போனாள். மற்ற ஐந்தும் அவளைப் பார்த்ததும் வந்து மொய்த்தன. தனியாக நின்றதைக் குனிந்து கவனித்தாள். துடுப்பு விரிந்திருந்தது, வயிறு உப்பியிருந்தது. "நோவுமில்ல ஒண்ணுமில்ல. நல்லாத் தின்னுட்டு நிக்குது, உடு" என்றாள்.

"அப்பாடா" என்ற கோபி, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். "இதுல உங்க கையெழுத்து வேணும்க்கா. இல்லைன்னா சரசம்மாக்கா என்னை வெளிய உடமாட்டாங்க. உங்களை இங்க கூப்புட வேற வழியே இல்லைன்னாங்க."

வெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்டில் எழுதி வாங்குகிற சீட்டு அது. அந்தச் சீட்டுப் புத்தகம் இருக்கிற மேசையை அவள் பதினோரு வருஷம் துடைத்திருக்கிறாள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், புனேயிலிருந்து வந்தவர்கள், எத்தனையோ பேர் எழுதிப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் ஐயாக்களைப் பார்க்க வந்தவர்கள். இந்தச் சீட்டில், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற இடத்தில், கோபியின் கோணல் எழுத்தில் இருந்தது: நஞ்சம்மா, பேக்கிங்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, அவனிடம் பேனா வாங்கி, மெதுவாக, ஒரு எழுத்தும் விடாமல் தன் பெயரை எழுதினாள்.